எதிர்க்கட்சி எடுத்த படத்தில் நான் சிரித்த கதை

ஈப்போ கோர்ட்டு வாசலில் போய் "மாரி கிராணி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பாதுகாவலர் முதல் கேன்டீன் அக்கா வரைக்கும், "அவர் ரிட்டயர் ஆயிட்டாரே" என்று உங்களுக்காக வருத்தப்படுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட குமாஸ்தா நான். விபத்து வழக்குகளை மட்டுமே பார்க்கும் ஒரு லாயர் ஆபிசில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன். பட்டம் வாங்கிய எத்தனையோ வக்கீல்களுக்கு எந்தக் கவுண்டரில் எந்தத் தாளை நீட்டுவது என்று நான்தான் காட்டியிருக்கிறேன். இதற்குப் பெருமைப்படாமல் வேறெதற்குப் பெருமைப்படுவது?

போன மாதம் ஆபிசிலிருந்து தர்ஷினி போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த வக்கீல். கிளையண்டுகள் நிரப்பும் பழைய பாரங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"அங்கிள், கிளையண்ட் பாரத்துல கடைசியா ஒரு கேள்வி இருக்கே, 'கோயிலுக்கு நேர்த்திக்கடன் ஏதும் உண்டா'ன்னு. யாரோ விளையாட்டுக்குப் போட்டதுதானே? எடுத்துடவா?"

"எடுத்துப் பாரு. நாளைக்கே பஸ் ஏறி வந்து உன் மேசை முன்னால உட்கார்ந்துடுவேன்லா" என்றேன்.

சிரித்தாள். பிறகு, "அப்படி என்ன அங்கிள் அதுல?" என்றாள். அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். விபத்தில் அடிபட்டவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் படித்தால் அவர்களுக்கும் உதவும்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அம்மா பால்மரம் வெட்டினார். நானும் கொஞ்ச காலம் வாளி தூக்கினேன். பத்தொன்பது வயதில் ஈப்போவுக்கு வந்து, இந்த ஆபிசில் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கவும் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகவும் சேர்ந்தேன். போலீஸ் ரிப்போர்ட்டுகளைப் படித்தே சட்ட மலாய் கற்றேன். டாக்டர்களின் கடிதங்களைத் திரும்பத் திரும்ப டைப் அடித்து ஆங்கிலம் கற்றேன். உடம்பில் எத்தனை எலும்பு, எது முறிந்தால் எத்தனை மாதம் என்று பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுதான் சொல்லித் தந்தது. ஐந்தாறு வருஷத்தில் என்னைக் கிராணி ஆக்கினார்கள். படிப்புக் கதை அவ்வளவுதான்.

வேலை என்னவென்று கேட்பீர்கள். விபத்து நடந்தால் முதலில் போலீஸ் ரிப்போர்ட். ஓட்டியவருக்கு நினைவு இருந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். பிறகு போலீஸ் வரைந்த இடத்துப் படம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், சம்பளச் சீட்டு, இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் விவரம். இதையெல்லாம் சேர்ப்பது நான். நானே அந்த முச்சந்திக்குப் போய், லோரி வந்த பக்கம் நின்று, மோட்டார் வந்த பக்கம் நின்று, கண்ணுக்கு எது தெரிகிறது எது மறைகிறது என்று பார்த்து வருவேன். வழக்கு போட ஆறு வருஷம் இருக்கிறது என்று சிலர் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆள் செத்துப்போன கேஸ் என்றால் மூன்றுதான். இடித்தது அரசாங்க வண்டி என்றாலும் மூன்றுதான். அதுவரை சாட்சி ஊரில் இருப்பானா, முச்சந்தியில் அந்த மரம் இருக்குமா என்று யார் கண்டது?

இன்னொன்று. வார்டுக்குள்ளேயே வந்து, "அண்ணே, நான் லாயர் ஆளு, இவ்வளவு வாங்கித் தாரேன், இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்பவனை நம்பாதீர்கள். எவ்வளவு கிடைக்கும் என்று முதல் நாளே சொல்பவனுக்கு உங்கள் காலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எங்கள் லாயரம்மா அப்படிச் சொல்லவே மாட்டார். யாழ்ப்பாணத்து வம்சம். அவர் அப்பா ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்தவர். அம்மா என்று நாங்கள் கூப்பிட்டாலும் என்னைவிட மூன்று வயது இளையவர், நான் சேர்ந்து ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் ஆபிசுக்கு வந்தவர். கிளையண்ட் வந்து உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். உங்கள் கதைக்கு நேரக் கணக்கு இல்லை என்று அர்த்தம். பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு அழிரப்பர் எடுப்பார். பெரியது லோரி, சின்னது மோட்டார். "எப்படி வந்தது, நகர்த்திக் காட்டுங்கோ." ஒரு தடவை காட்டுவார்கள். இன்னொரு தடவை கேட்பார். மூன்றாவது தடவை, அடிபட்டு விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி நகர்த்தச் சொல்வார். பொய் சொல்கிறவனுக்கு அங்கேதான் கை தடுமாறும். எல்லாம் முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்வார்.

"நீங்கள் எனக்குச் சொல்லாத ஒன்றை எதிர்க்கட்சி லாயர் எனக்குச் சொல்லக் கூடாது. விளங்குதோ?"

இந்த வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டவன் நான். மீறியவனும் நானே.

சரவணன் எங்கள் கிளையண்ட். அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. தோட்டம் விற்றுப்போன பிறகு சுங்கை சிப்புட்டில் மலிவு வீட்டில் குடியிருந்த குடும்பம். பேக்டரி ஸ்டோரில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா லெச்சுமி அக்கா. காலை வேலைக்கு மோட்டாரில் போனவனை, செம்மண் ரோட்டிலிருந்து நிற்காமல் வெளியே வந்த, செம்பனைக் காய் ஏற்றிய லோரி அடித்தது. இடது தொடை எலும்பும் முழங்காலுக்குக் கீழ் எலும்பும் முறிந்தன. புண்ணில் சீழ் பிடித்து, காலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன நாளில் லெச்சுமி அக்கா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே முருகனுக்கு வேண்டிக்கொண்டார். என் மகன் கால் தங்கினால், அந்தக் காலாலேயே நடந்து பால்குடம் எடுத்து வருவான் என்று.

கால் தங்கியது. உள்ளே கம்பியோடு, மற்றதைவிட ஒரு விரல் அகலம் குட்டையாகத் தங்கியது. சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் நிற்க முடியாது. பாரம் தூக்கக் கூடாது. பேக்டரி அவனை நிறுத்திவிட்டது. கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி.

யார் மேல் தப்பு என்பதில் எங்களுக்குக் கவலையில்லை. லோரி நிற்காமல் வந்ததைப் பார்த்த சாட்சி இருந்தார். வழக்கெல்லாம் நஷ்டஈடு எவ்வளவு என்பதில்தான். இனி அவனால் பழைய வேலைக்குப் போக முடியாது என்பதை நீதிபதி நம்ப வேண்டும். நம்பினால்தான் அந்தக் குடும்பம் எழுந்து நிற்கும்.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு லெச்சுமி அக்கா ஆபிஸ் வாசலில் என்னைப் பிடித்தார்.

"அண்ணே, வேண்டுதல் பாக்கி இருக்கு. பால்குடம் எடுக்கலாமா? கேஸுக்கு ஒண்ணும் ஆகாதே?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "இருங்கக்கா" என்று சொல்லி உள்ளே போய் லாயரம்மாவைக் கேட்டிருக்க வேண்டும். பத்து அடி தூரம்தான். ஆனால் என்னைப் பார்த்து ஒருவர் சட்டம் கேட்கிறார். அதை எப்படி விடுவது?

"சாமி காரியம்லா அது. கோர்ட்டுக்கும் முருகனுக்கும் என்னக்கா சம்பந்தம்? தாராளமாப் போலாம். நானே கூட வாரேன்."

"லாயரம்மாகிட்ட ஒரு வார்த்தை…"

"அவங்களுக்கு ஆயிரம் வேலை. நான் சொன்னா கோர்ட்டு சொன்ன மாதிரி."

இந்தக் கடைசி வரியை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குடத்தைத் தூக்கி வந்தது சரவணனின் மச்சான். சரவணன் வேனில் வந்தான். குனோங் சீரோ கோயில் வாசல் வளைவில் இறங்கி, தலையில் குடத்தை வாங்கிக்கொண்டு, வெறுங்காலோடு நடந்தான். அவன் இடது முழங்கைக்குக் கீழே நான் கை கொடுத்தேன். பாதிப் பாரம் என் மேல்தான். இருபது அடிக்கு ஒரு தடவை நின்றோம். "வலிக்குதா?" என்றால், "பேசாம வாங்கண்ணே, பேசினா விழுந்துடுவேன்" என்றான். அப்போது கூட்டத்தில் ஒருவர் கேமராவை எங்கள் பக்கம் திருப்பினார். கோயில் படம் எடுப்பவர் என்று நினைத்தேன். புது மஞ்சள் சட்டை போட்டிருந்தேன். நிமிர்ந்து பல் தெரியச் சிரித்தேன்.

நான்கு மாதம் கழித்து, விசாரணைக்கு முன் எதிர்க்கட்சி தங்கள் தாள்கட்டை அனுப்பியது. லாயரம்மா என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு படம். சரவணன், தலையில் குடம், நெற்றி நிறைய விபூதி. கேமராக்காரர் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள். நடக்க முடியாது, தூக்க முடியாது என்று வழக்கு போட்டவன், வெறுங்காலில் நடந்து குடம் தூக்குகிறான். இந்த ஒரு படத்தை நீதிபதி நம்பினால் காலில் இருக்கும் கம்பியைக்கூட நம்ப மாட்டார்.

லாயரம்மா கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்மா, இது சரவணன் இல்லைன்னு சொல்லிடலாம். அவனுக்கு ஒரு தம்பி இருக்கான். ரெண்டும் ஒரே மூஞ்சி. யாருக்கும் தெரியாது."

அவர் இரண்டாவது படத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தது. மஞ்சள் சட்டை. பல் முப்பத்திரண்டும் தெரிகிறது.

"அப்ப இது உங்கட தம்பியோ?"

அன்றைக்குத்தான் நான் முதல் முறையாக அந்த நாற்காலியில் கிளையண்ட் போல உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் லெச்சுமி அக்கா கேட்டது, நான் சொன்னது, வேன், வளைவு, இருபது அடி. மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை பின்னோக்கி. என் கை தடுமாறவில்லை.

"சரவணன் வேலை போன மனுசன். கெட்டிக்காரப் பொய்யன் என்ற பெயரும் சேர்ந்தால் இனி யார் வேலை குடுப்பினம்?" என்றார். "அந்தப் படத்தை நாங்கள் மறைக்கப் போறதில்லை. என்ன நடந்தது என்று முழுக்கச் சொல்லப் போறம். சாட்சி நீங்கள்."

"நானா? அம்மா, நான் ஆபிஸ் ஆளு. சொன்னா நம்புவாங்களா?"

"உங்கட வாய்ப்பேச்சை நம்ப மாட்டினம். அதனால் தாள் தேடுங்கோ."

தாள் என்றதும் எனக்கு உயிர் வந்தது. தாள் தேடுவதில் பேராக் மாநிலத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. குடத்தை இறக்கிய பிறகு சரவணனால் காலை ஊன்ற முடியவில்லை. முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிப் போனோம். அங்கே ஒரு சீனப் பெரியவர் ஒவ்வொருவர் பேரையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நோட்டு எங்கே? கோயில் அலுவலகத்தில் இல்லை. முதலுதவிக்காரர்களின் ஹாலில் இல்லை. யாரோ ஒருவர், "அது அங்கிள் லியோங் வீட்டுலதான் இருக்கும்" என்றார். மெங்லெம்புவில் டயர் கடை வைத்திருப்பவர். மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் கிடைத்தார்.

மலாயில்தான் பேசினோம். "அங்கிள், தைப்பூசத்து நோட்டு இருக்கா?"

"எந்த வருஷம் வேணும்? நான் தலைவலி மாத்திரை குடுத்தாலும் எழுதுவேன்" என்று பெரிய பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே வரிசையாக நோட்டுகள். கிரீஸ் படிந்த விரலால் தேடினார். கிடைத்தது. நேரம், சரவணன் பெயர், அடையாளக் கார்டு நம்பர். 'இடது கால் வீக்கம். நிற்க முடியவில்லை. ஐஸ் வைத்தது. இரண்டு பேர் தூக்கி வேனில் ஏற்றியது.'

நான் டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். லியோங் என்னை மேலும் கீழும் பார்த்தார். நோட்டில் அடுத்த வரியைப் பார்த்தார்.

"மாரிமுத்து, தலைசுற்றல், சீனித் தண்ணி. இது நீங்கதானே? இப்ப பரவாயில்லையா?"

அந்த வரியை மட்டும் மறைத்து நகல் எடுக்க முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கேட்கவில்லை. திருந்திக்கொண்டிருந்தேன் அல்லவா?

விசாரணை அன்று லியோங் நல்ல சட்டை போட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தாம் எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு இறங்கினார். அடுத்து நான். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றேன். எனக்கு மலாய் வரும் என்று அந்த இடத்திலும் காட்ட வேண்டியிருந்தது.

எதிர்க்கட்சி லாயர் இளைஞர், மரியாதையானவர். மரியாதையாகவே அறுத்தார்.

"என்சிக் மாரிமுத்து, எத்தனை வருஷம் பள்ளிக்கூடம்?"

"ஆறு."

"சட்டம் படித்தீர்களா?"

"இல்லை."

"ஆனால் பால்குடம் எடுக்கலாம் என்று கிளையண்டுக்குச் சட்ட ஆலோசனை சொன்னீர்கள்."

"சொன்னேன். தப்பு."

"உங்கள் லாயரிடம் சொன்னீர்களா?"

"இல்லை."

அவர் அந்த இரண்டாவது படத்தை உயர்த்திக் காட்டினார். "இந்தப் படம் வந்திருக்காவிட்டால், இன்றைக்கு இந்தக் கோர்ட்டில் இதைச் சொல்லியிருப்பீர்களா?"

முப்பது வருஷம் நான் இந்தக் கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகளைக் கொண்டுவந்து அந்தக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். ஏறுவதற்கு முன்னால் எல்லாரிடமும், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நேரா சொல்லுங்க" என்பேன். உள்ளே நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பின் வரிசையில் லெச்சுமி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார். சரவணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். லாயரம்மா என்னைப் பார்க்கவில்லை, பென்சிலைப் பார்த்தார்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன்.

இளைஞர் "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தார். கேஸ் போச்சு என்று நினைத்தேன். ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்று கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீதிபதி ஒரு மலாய் அம்மா, 'புவான்' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். "இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"புவான், அந்தப் படத்தில் எல்லாரும் குடத்தைப் பார்க்கிறார்கள். நானும் என் சிரிப்பைத்தான் பார்த்தேன். தயவுசெய்து என் வலது கையைப் பாருங்கள்."

அவர் படத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். சரவணனின் முழங்கைக்குக் கீழே என் உள்ளங்கை. மணிக்கட்டு வளைந்து, நரம்பு புடைத்து. என் தோள் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அவன் இடது குதிகால் தரையில் படவே இல்லை.

"எவ்வளவு தூரம் இப்படிப் பிடித்தீர்கள்?"

"வளைவிலிருந்து படி வரைக்கும், புவான். படியில் அவன் ஏறவில்லை. நானும் அவன் மச்சானும்தான் ஏற்றினோம். அதற்குப் பிறகுதான் எனக்குத் தலை சுற்றியது. அதுவும் நோட்டில் இருக்கிறது."

அவர் லியோங்கின் நோட்டைத் திருப்பி, அடுத்த வரியைப் படித்தார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு ஆறு வாரம் கழித்து வந்தது. லோரி மேல் முழுத் தப்பு. படம் ஒரு நொடியைக் காட்டுகிறது, நோட்டு அந்தக் காலைப் பொழுதைக் காட்டுகிறது என்றார் நீதிபதி. வேண்டுதலை முதலிலேயே சொல்லாதது தவறு என்று கண்டித்தார். தனக்கு எதிராகவே உண்மை சொன்ன சாட்சியை நம்புவதாகவும் சொன்னார். அது நான்தான். கேட்டதில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார். ஆனால் பழைய வேலைக்கு இனி போக முடியாது என்பதை ஏற்றுக்கொண்டார். இழந்த சம்பளத்தோடு அடுத்த ஆபரேஷன் செலவும் தீர்ப்பில் இருந்தது.

தாழ்வாரத்தில் லெச்சுமி அக்கா கேட்டது வேறு. "என் மகனைப் பொய்யன்னு எழுதலையே அண்ணே?"

"எழுதலக்கா."

"அப்ப போதும்."

சரவணன் இப்போது சுங்கை சிப்புட்டில் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறான். உட்கார்ந்து செய்கிற வேலை. என் வீட்டுச் சாவி தொலைந்தால் இலவசம்.

லாயரம்மா என்னைத் திட்டவே இல்லை. திங்கட்கிழமை போனபோது கிளையண்ட் பாரத்தின் கடைசியில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த நேர்த்திக்கடன் கேள்வி. "டைப் அடியுங்கோ" என்றார், அவ்வளவுதான். நான் ஓய்வு பெற்ற நாளில் பிரேம் போட்ட ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் அந்தப் படம், மஞ்சள் சட்டையோடு. வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள், "கோயில்ல நல்லா சிரிச்சிருக்கீங்க" என்பார்கள். கையைப் பாருங்கள் என்று சொல்லிக் கதையை ஆரம்பிப்பேன். என் மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இதை எழுதி முடித்து, தர்ஷினிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பாதியில் சிரித்தாள், கூண்டு வந்ததும் அடங்கிவிட்டாள்.

"சரி அங்கிள், கேள்வியை எடுக்கல."

"எடுக்காதே. அதுக்குக் கீழ இன்னொண்ணும் சேரு."

"என்ன?"

"'லாயரிடம் சொல்லாமல், கிராணியிடம் மட்டும் சொன்னது ஏதும் உண்டா?'"

அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.